தோற்ற அணியும் தூய்மைவாதிகளும்

சென்ற இதழில் விளையாட்டைப் பற்றி எழுதிய நண்பர் போர்ச்சுகலை உதாரணம் காட்டித் தம் கட்சியை முடித்துக்கொண்டார். சலாஸாரின் சர்வாதிகாரம் மூன்று கால்களில் நின்றதாம்: ஃபாதோ என்ற சோகப் பாட்டு, ஃபாத்திமா என்ற மாதா கோயில், ஃபுட்பால். மூன்று 'எஃப்'கள். ஒரு ஜனத்தைத் தூங்கவைக்க இந்த மூன்றும் போதும். ஆகவே கால்பந்து அபின். ஆகவே சுரணையுள்ளவன் மைதானத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டான். இதை மறுத்து இன்னொரு நண்பர் ஆசிரியருக்கு எழுதிய கடிதத்தில் 1969 ஜூன் 22 என்ற ஒரே ஒரு தேதியைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். அன்று கோயிம்ப்ரா நகரத்து மாணவர் அணி, கோப்பையின் இறுதி ஆட்டத்தையே அரசாங்கத்துக்கு எதிரான கூட்டமாக மாற்றிவிட்டது. ஆகவே கால்பந்து புரட்சி.

இருவருக்குமே கால்பந்திலோ கோயிம்ப்ராவிலோ அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. ஒருவருக்கு ஒரு கோஷம் வேண்டியிருந்தது, மற்றவருக்குச் சுவரில் மாட்ட ஒரு படம். கிடைத்தது, போய்விட்டார்கள். ஆனால் அந்தச் சங்கத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. நூற்று முப்பது வருஷத்துக்கு மேல் நீளும் அந்தச் சரித்திரத்தில் 1969ஐ விட எனக்கு முக்கியமாகப் படும் வருஷம் 1974. அதைப் பற்றி இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. 1974இல் அந்த மாணவர் அணி ஒழிக்கப்பட்டது. ஒழித்தது சர்வாதிகாரம் அல்ல. சர்வாதிகாரம் விழுந்த சில மாதங்களுக்குள், சுதந்திரம் கிடைத்த மாணவர்களே கூடிக் கை தூக்கி ஒழித்தார்கள். தூய்மையின் பேரால் ஒழித்தார்கள். நான் எழுத வந்தது இதைத்தான். ஆனால் ஒழிக்கப்பட்டது என்ன என்று தெரியாமல் ஒழித்தது சரியா தப்பா என்று பேச முடியாது. ஆகையால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

*

கோயிம்ப்ரா, மொந்தேகு ஆற்றங்கரையில் மேட்டின் மேல் ஏறி நிற்கும் ஊர். நான் பார்த்ததில்லை, படித்ததுதான். மேட்டின் உச்சியில் சர்வகலாசாலை. 1290இல் லிஸ்பனில் தொடங்கி, இடம் மாறி மாறி, 1537இல் இந்த ஊரில் நிலைத்தது. மாணவர்கள் கறுப்பு அங்கி போட்டு அதன் மேல் நீளமான கறுப்புப் போர்வை ஒன்றைத் தோளில் போட்டுக்கொள்வார்கள். 1887 நவம்பர் 3இல் அவர்கள் சங்கம் வைத்தார்கள்: கோயிம்ப்ரா மாணவர் சங்கம். பாட்டு, நாடகம், தர்க்கம் என்று பலதையும் நடத்திய அந்தச் சங்கத்தின் கிளைகளில் ஒன்றாகத்தான் பிறகு கால்பந்து வந்தது. அணிக்குப் பெயர் அகாதெமிகா. சட்டை, நிஜார் எல்லாம் கறுப்பு. ரோஷக்காரி என்று அர்த்தம் வரும்படியாக 'ப்ரியோஸா' என்று ஒரு செல்லப் பெயர்.

போர்ச்சுகலில் கால்பந்து என்றால் லிஸ்பனின் பென்ஃபிகாவும் ஸ்போர்ட்டிங்கும், வடக்கே போர்ட்டோவும்தான். மற்ற ஊர் அணிகள் அந்த மூன்றிடம் தோற்பதற்காக உள்ளவை என்பது அங்கே கிட்டத்தட்ட ஓர் இயற்கை விதி. அந்த விதிக்கு அகாதெமிகா இரண்டொரு முறை இடைஞ்சல் கொடுத்திருக்கிறது. போர்ச்சுகல் கோப்பை முதன்முறையாக நடந்த 1938-39 பருவத்தில் கோப்பையை வாங்கியது இந்த மாணவர்கள்தான். இறுதி ஆட்டத்தில் பென்ஃபிகாவை 4-3 என்று வென்றார்கள். 1966-67இல் லீகில் இரண்டாம் இடம். அதே வருஷம் கோப்பை இறுதி ஆட்டத்தில் விதோரியா செட்டூபலிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றார்கள். அப்போது பயிற்சியாளர் மாரியோ வில்சன், மொஸாம்பிக்கில் பிறந்தவர். முன்பு இதே அணியில் ஆடியவர்.

'எஃப்' நண்பர் கொஞ்சம் நின்று கேட்க வேண்டிய இடம் இது. கோயிம்ப்ரா சர்வகலாசாலை சலாஸார் படித்த இடம்; மந்திரியாவதற்கு முன் அவர் பாடம் சொன்ன இடமும் அதுதான். நாற்பது வருஷ சர்வாதிகாரத்தின் மூளை அந்த மேட்டில் தயாரானது. ஆனால் அதே மேட்டில்தான் பிறகு அங்கோலாவின் முதல் ஜனாதிபதியான அகொஸ்தினோ நேட்டோ வைத்தியம் படித்தார். அகாதெமிகாவின் கறுப்புச் சட்டையைப் போட்டு ஆடிய டேனியல் சிபெண்டா, பிற்பாடு அங்கோலா விடுதலை இயக்கத்தின் தளபதிகளில் ஒருவர். காலனிகளிலிருந்து படிக்க வந்த பையன்களுக்கு ஒரு சட்டையும் பந்தும் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை ஊரே அவர்கள் பேரைச் சொல்லிக் கத்தும்படி செய்த அணி இது. இதையெல்லாம் 'அபின்' என்ற ஒரு சொல்லில் அடைக்க ஒருவருக்கு அபாரமான தைரியம் வேண்டும். அல்லது அபாரமான சோம்பல்.

அரசாங்கம் கால்பந்தைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. பென்ஃபிகா 1961இலும் 1962இலும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கியபோது, 1966 உலகக் கோப்பையில் போர்ச்சுகல் மூன்றாம் இடம் பெற்று யூசேபியோ ஒன்பது கோல் போட்டபோது, அந்தப் பெருமையைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொள்ள மேலிடம் தயங்கவில்லை. மொஸாம்பிக்கில் பிறந்த கறுப்பர் போர்ச்சுகல் சட்டையில் ஓடுகிறார், பார், காலனியும் தாய்நாடும் ஒன்றே என்று காட்டிக்கொள்ளவும் அது சௌகரியமாக இருந்தது. ஆனால் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வது வேறு, அதைச் சொந்தமாக்கிக்கொள்வது வேறு. பந்து யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு அந்த வருஷங்களில் முடிந்துவிடவில்லை. முடிந்துவிட்டதாக நம் நண்பர்தான் அரசாங்கத்துக்குத் தீர்ப்பு எழுதிக் கொடுக்கிறார்.

*

இப்போது அந்தத் தேதி.

1969 ஏப்ரல் 17இல் கோயிம்ப்ராவில் கணிதத் துறையின் புதுக் கட்டடத் திறப்பு விழா. வந்திருந்தவர் ஜனாதிபதி அமெரிக்கோ தொமாஷ். சலாஸார் முந்தைய வருஷம் விழுந்து அடிபட்டுப் பதவியிலிருந்து போய், மார்செலோ கயத்தானோ பிரதம மந்திரியாகியிருந்த சமயம். ஏதோ தளர்த்துவார்கள் என்று ஜனங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழாவில் மாணவர் சங்கத் தலைவர் அல்பெர்த்தோ மார்ட்டின்ஸ் எழுந்து, மாணவர்கள் சார்பில் பேச அனுமதி கேட்டார். அவ்வளவுதான் அவர் செய்தது. பேசக்கூட இல்லை, பேசலாமா என்று கேட்டார். அனுமதி கிடைக்கவில்லை. விழாவை அவசரமாக முடித்துக்கொண்டு பெரியவர்கள் புறப்பட்டார்கள். மாணவர்கள் அதே கட்டடத்துக்குள் நுழைந்து தாங்களே இன்னொரு திறப்பு விழா நடத்தினார்கள். அன்றிரவே மார்ட்டின்ஸ் கைதானார். பிறகு இடைநீக்கம், வகுப்புப் புறக்கணிப்பு, ஜூனில் பரீட்சைப் புறக்கணிப்பு. இதற்கு மாணவர்கள் வைத்த பெயர் வேலைநிறுத்தம் இல்லை, துக்கம். சர்வகலாசாலை துக்கம் காக்கிறது என்று அறிவித்தார்கள்.

இந்தத் துக்கத்தின் நடுவில் அவர்கள் அணி கோப்பையில் சுற்றுச் சுற்றாக வென்றுகொண்டே போயிற்று. ஒரு சங்கடமான தமாஷ் பாருங்கள்: கறுப்பே சீருடையாக உள்ளவர்கள் எப்படித் துக்கம் காட்டுவது? அரை இறுதியில் ஸ்போர்ட்டிங்கை எதிர்த்து வெள்ளைச் சட்டை போட்டு, கையில் கறுப்புப் பட்டை கட்டி ஆடினார்கள். வென்றார்கள். இறுதி ஆட்டம் ஜூன் 22, லிஸ்பனை அடுத்த ஜமோரில், சர்வாதிகாரம் தன் பெருமைக்காகக் கட்டி 1944இல் திறந்த தேசிய மைதானத்தில். எதிரணி பென்ஃபிகா.

கோப்பையைக் கொடுக்க வழக்கமாக வரும் ஜனாதிபதி வரவில்லை. தொலைக்காட்சி அந்த ஆட்டத்தை ஒளிபரப்பவில்லை. ஆட்டக்காரர்கள் மாணவர்களின் கறுப்புப் போர்வையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, ஓடி வராமல், சவ ஊர்வலத்தில் நடப்பதுபோல் மெதுவாக நடந்து உள்ளே வந்தார்கள். காலரியில் துணிப் பதாகைகள் விரிந்தன. அவற்றில் ஒன்று: 'போதனை மேம்படட்டும், போலீஸ் குறையட்டும்'. துண்டுப் பிரசுரங்கள் கை மாறின. பென்ஃபிகாவைப் பார்க்க வந்த ஜனம், யூசேபியோவைப் பார்க்க வந்த ஜனம், பாதிப் பேர் கோயிம்ப்ராவில் என்ன நடக்கிறதென்றே தெரியாத ஜனம், அத்தனை பேரும் படித்தார்கள்.

அபின் என்றவருக்கு என் பதில் இந்த ஒரு காட்சியே. அபின் விற்கிறவன் தன் கடைச் சரக்கைக் கண்டே பயந்து கதவைச் சாத்தி, காமிராவையும் மூடி, தானும் வராமல் வீட்டில் உட்கார்ந்துகொண்டதை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா?

ஆட்டம் என்ன ஆயிற்று? 81ஆம் நிமிஷத்தில் மனுவேல் அந்தோனியோ கோல் போட்டார். அந்தப் பருவத்தில் லீகிலேயே அதிகமாகப் பத்தொன்பது கோல் போட்டவர் அவர். வைத்திய மாணவர், பிறகு கோயிம்ப்ராவில் புற்றுநோய் வைத்தியராக வாழ்ந்தவர். நாலே நிமிஷம். 85இல் சிமோயெஸ் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில், 109ஆம் நிமிஷத்தில், யூசேபியோ. பென்ஃபிகா 2, அகாதெமிகா 1.

*

கடித நண்பரின் படம் இங்கே முடிகிறது. தோல்வி அழகாக இருப்பதால் அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை. நான் கேட்பது: அந்தப் படத்தில் யூசேபியோவுக்கு இடம் எங்கே? மாணவர்கள் நல்லவர்கள், பென்ஃபிகா சர்வாதிகாரத்தின் அணி என்று கோடு போட்டுப் பிரித்துக்கொண்டால் காவியம் எளிது. ஆனால் நாட்டில் நேர்மையான தேர்தல் இல்லாத காலத்திலும் தன் தலைவர்களை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த சங்கம் பென்ஃபிகா. அந்தக் கடைசி கோலைப் போட்டவர் பிறந்த மண்ணில் 1964 முதல் விடுதலை யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் அக்டோபரில் அரசாங்கம் நாற்பத்தொன்பது மாணவர்களைத் தண்டனையாகப் பட்டாளத்தில் சேர்த்தது. அங்கோலா, கினி, மொஸாம்பிக் என்று மூன்று முனைகளில் சண்டை நடந்த நேரத்தில் பட்டாளச் சீருடைக்கு என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கோலைப் போட்டவரையும் கோலை வாங்கிய பக்கத்தையும் ஒரே யுத்தம் கட்டிப்போட்டிருந்தது. இந்தச் சிக்கலைப் பார்க்காதவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. பதாகையை மட்டும்தான் பார்த்தார்.

தோல்விக்குப் பிறகும் வாழ்க்கை நடந்தது. லீகையும் பென்ஃபிகாவே வென்றிருந்ததால், தோற்ற அகாதெமிகா ஐரோப்பியக் கோப்பை வென்றோர் போட்டிக்குப் போயிற்று. 1970 மார்ச்சில் கால் இறுதியில் மான்செஸ்டர் சிட்டியிடம், கோயிம்ப்ராவில் 0-0, மான்செஸ்டரில் கூடுதல் நேரம் முடியப்போகிற தறுவாயில் ஒரே ஒரு கோலில் தோற்றது. சிட்டி அந்தக் கோப்பையையே வாங்கிற்று. தூய்மையான மாணவர் கழகம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் தங்களுக்குள் பந்து உதைத்துக்கொண்டிருந்தால் மான்செஸ்டரும் கிடையாது, ஜமோரும் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொண்டு 1974க்கு வாருங்கள்.

*

1974 ஏப்ரல் 25இல் பட்டாளத்து இளம் அதிகாரிகள் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்தார்கள். துப்பாக்கிக் குழலில் கார்னேஷன் பூ. கோயிம்ப்ராவில் மாணவர்கள் தங்கள் பொதுச்சபையைக் கூட்டினார்கள். ஐந்து வருஷம் முன்பு ஜமோரில் பதாகை பிடித்த அதே சங்கம். எடுத்த முடிவுகளில் ஒன்று: கால்பந்துப் பிரிவு மூடப்படுகிறது. காரணம், அது தொழில்முறை ஆட்டமாகிவிட்டது. சம்பளமும் வியாபாரமும் மாணவர் சங்கத்தின் இயல்புக்கு விரோதம்.

அவர்கள் வாதத்தை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். அதில் விஷயம் இருந்தது. போர்ச்சுகலில் 1960இல் வந்த சட்டம் ஆட்டக்காரர்களை மூன்று வகையாகப் பிரித்தது: அமெச்சூர், அமெச்சூர் அல்லாதவர், தொழில்முறை ஆட்டக்காரர். நடுவில் உள்ள வகையை ருசித்துப் படியுங்கள். வாங்குகிறார், ஆனால் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை. இப்படி ஒரு பத்தியைப் பேரேட்டில் எழுத எந்த வங்கிக் குமாஸ்தாவுக்கும் கை கூசும். கெட்டிக்காரப் பையன்களை ஆட்டத்துக்காக ஊருக்கு இழுத்துப் பிறகு வகுப்பில் பேர் எழுதுவது எவ்வளவு தூரம் படிப்பு, எவ்வளவு தூரம் சாக்கு என்ற கேள்வி நியாயமானதே.

ஆனால் அதே பேரேட்டின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டாமா? அந்த 'சாக்கு'தான் மனுவேல் அந்தோனியோ என்ற வைத்தியரைக் கொடுத்தது. கோயிம்ப்ராவில் ஜெர்மானிய மொழியியல் படிக்கச் சேர்ந்து, நாலு வருஷம் கறுப்புச் சட்டையில் ஆடி, 1969இல் பென்ஃபிகாவுக்குப் போன அர்த்தூர் ஜோர்ஜையும் அதுதான் கொடுத்தது. 1983இல் அவர் ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டார். 1987இல் போர்ட்டோ அணியின் பயிற்சியாளராக வியன்னாவில் பயர்ன் மியூனிக்கை வென்று ஐரோப்பியக் கோப்பையை வாங்கினார். படிப்பும் ஆட்டமும் ஒரே உடம்பில் இருக்க முடியும் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுமென்றால் நான் எங்கே போக?

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. 1969இல் மாணவர்களின் துக்கம் நாட்டுக்குத் தெரிந்தது எதனால்? அணி அசுத்தமாக இருந்ததால். லீகில் ஆடியது, நுழைவுச்சீட்டு விற்றது, யூசேபியோவோடு ஒரே புல்லில் நின்றது, மூன்று பெரிய அணிகளின் சந்தையில் தானும் ஒரு கடை போட்டிருந்தது, அதனால். மேட்டின் மேல் மாணவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதெல்லாம் மேட்டின் மேலேயே நின்றிருக்கும். கீழே ஆற்றங்கரைக் கடைக்காரரும் ரயில்வே தொழிலாளியும் ஞாயிறு மத்தியானம் மாணவர்களோடு ஒரே காலரியில் உட்கார்ந்தது இந்தக் கால்பந்தின் பேரால்தான். பொதுச்சபை வெட்டி எறிந்தது பணத்தை என்று நினைத்துக்கொண்டது. வெட்டுப்பட்டது அந்தக் காலரி. ஊருக்கும் மேட்டுக்கும் நடுவே இருந்த ஒரே படிக்கட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று இடித்தார்கள்.

சர்வாதிகாரம் இதைச் செய்யவில்லை. ஆட்டக்காரர்களைத் தொந்தரவு செய்தது, காமிராவை மூடியது, மாணவர்களைப் பட்டாளத்துக்கு அனுப்பியது, அணியைக் கலைக்கவில்லை. அந்தக் காரியத்துக்குத் தூய்மை தேவைப்பட்டது.

*

பிறகு நடந்தது, என் தொழிலில் தினமும் பார்க்கிற பெயர்மாற்ற விவகாரம். சங்கம் பேரைக் கொடுக்க மறுத்துவிட்டதால், ஆட்டத்தைக் கைவிட மனமில்லாதவர்கள் 'கோயிம்ப்ரா அகாதெமிகோ கழகம்' என்று வேறு பேரில் கணக்குத் திறந்து, லீகில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டார்கள். கறுப்புச் சட்டை தொடர்ந்தது. பத்து வருஷம் இப்படி. 1984இல் சமரசம்: கழகம் மாணவர் சங்கத்தின் பேருக்குள் திரும்பி வந்தது, ஆனால் 'கால்பந்துக்கான தன்னாட்சி அமைப்பு' என்ற நீண்ட வாலோடு. பேர் சங்கத்துடையது, நிர்வாகம் தன்னுடையது. சங்கத்துக்குள்ளேயே அமெச்சூர் கால்பந்துப் பிரிவு ஒன்று தனியாகவும் இருக்கிறது. ஒரே பேரில் இரண்டு கணக்கு.

தூய்மைவாதிகளைத் திட்டியதால் நான் இந்தச் சமரசத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். 1984இல் திரும்பியது பேர். பேரோடு வந்திருக்க வேண்டிய பொறுப்பு திரும்பியதா? ஆடுகிறவன் படிக்க வேண்டும், படிக்கிறவன் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற அந்தப் பழைய, பாதிப் பொய்யான, ஆனால் பாதி நிஜமான ஒப்பந்தம் திரும்பவில்லை. 2004 ஐரோப்பிய சாம்பியன்ஷிப்புக்காக ஊர் மைதானத்தை முப்பதாயிரம் பேர் உட்காரும்படி இடித்துக் கட்டினார்கள். இங்கிலாந்தும் ஸ்விட்ஸர்லாந்தும் ஃபிரான்ஸுமாக அதில் நடந்தது இரண்டே ஆட்டம். ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ஜனத்தொகை உள்ள ஊருக்கு அத்தனை நாற்காலி. 2016இல் அணி முதல் பிரிவிலிருந்து இறங்கியது. 2022இல் மூன்றாம் பிரிவுக்கு, தன் சரித்திரத்தில் முதல் தடவையாக. 2023 மே மாதம் அதே மைதானத்தில் கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் பாட்டுக் கோஷ்டி நாலு ராத்திரி கச்சேரி செய்தபோது, வீட்டுக்காரர் மூன்றாம் பிரிவில் இருந்தார். பேரைச் சொத்தாகப் பார்ப்பவர்கள் போய்ச் சேருகிற இடம் இது. தூய்மைவாதி பேரைப் பெட்டியில் பூட்டுகிறான். இவன் அதை அடமானம் வைக்கிறான். இருவருக்கும் நடுவில் ஆட்டத்துக்கு வந்த மனுஷனைக் காணோம்.

ஆனால் அவன் போய்விடவில்லை. 2012 மே 20இல் அதே ஜமோர். எதிரே ஸ்போர்ட்டிங். நாலாவது நிமிஷத்தில் மரின்யோ போட்ட கோலை மீதி ஆட்டம் முழுக்கக் காப்பாற்றி, 1-0 என்று கோப்பையை வாங்கியது அகாதெமிகா. 1939க்குப் பிறகு எழுபத்து மூன்று வருஷம். அதே வருஷம் நவம்பரில் யூரோப்பா லீகில் அத்லெத்திகோ மாட்ரிட்டைத் தன் ஊரில் 2-0 என்று தோற்கடித்தது. களத்தில் ஆடியவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இது பழைய அகாதெமிகா இல்லை, வெறும் பேர் என்று கண்டிப்பானவர்கள் சொல்லலாம். சொல்லட்டும். எழுபத்து மூன்று வருஷம் ஒன்றைக் காத்திருப்பவனுக்கு, அது எந்தப் பிரிவில் பதிவானது, வாலோடா வால் இல்லாமலா என்று சொல்லத் தேவையில்லை. 1974இல் கை தூக்கியவர்கள் படிப்பு முடிந்து ஊரை விட்டுப் போயிருப்பார்கள். மாணவன் ஊரில் தங்குவது நாலைந்து வருஷம். காலரியில் உட்காருகிறவன்தான் தங்குகிறவன். சங்கத்தின் சரித்திரம் யாருடையது என்று என்னைக் கேட்டால் நான் அவனைக் காட்டுவேன். அந்த 1974 கூட்டத்தில் அவனுக்கு ஓட்டு இல்லை.

*

அந்தக் கூட்டத்தைப் பற்றி இவ்வளவு எரிச்சலோடு எழுத எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. ஒளிக்க வேண்டியதில்லை. பல வருஷம் முன்பு நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினோம். பேர் வேண்டாம். ஐந்தாவது இதழுக்குக் காகிதம் வாங்கப் பணமில்லாமல், பொறுப்பில் இருந்தவர் ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பின்னட்டையில் போட்டுவிட்டார். கூட்டம் கூட்டினோம். விளம்பரம் வாங்கிய பத்திரிகை வியாபாரப் பத்திரிகையே என்று ஒருவர் அரைமணி பேசினார். நன்றாகவே பேசினார். அந்த ஒருவர் நான்தான். பத்திரிகையை நிறுத்துவதென்று கை தூக்கினோம். தூக்காதவர் விளம்பரம் வாங்கினவர் மட்டும். அதன் பிறகு அவர் எங்கள் யாரோடும் பேசவில்லை, எழுதவும் இல்லை. ஐந்து இதழ்களில் நல்ல கவிதை என்று இப்போது நான் எடுத்துப் பார்க்கும் மூன்றும் அவருடையவை. அந்தச் சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்குள் இருந்தது வருத்தம் இல்லை. ஏதோ ஜெயித்த மிதப்பு. கோயிம்ப்ராவின் 1974ஐப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்த மிதப்புத்தான்.

தூய்மை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. அசுத்தத்துக்குத் தினமும் வக்கீல்கள் கிடைக்கிறார்கள். நான் ஒருவன் கூட வேண்டியதில்லை. அமைப்பு கெட்டுவிட்டதென்றால் கெட்டதை எழுது, சண்டை போடு, கணக்கைக் கேள், சம்பளத்தைச் சம்பளம் என்றே பேரேட்டில் எழுதவை. அணியை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்ய கோயிம்ப்ரா மாணவர்களுக்கு 1974இல் எல்லாச் சுதந்திரமும் இருந்தது. அதைச் செய்ய நாள் பிடிக்கும். நாற்றம் பிடித்த அறையில் உட்கார்ந்து செய்ய வேண்டும். மூடுவதற்கு ஒரு சாயங்காலம் போதும். மூடியவன் கையில் கறை படாது.

நண்பர்கள் இருவரும் பதில் எழுதுவார்கள் என்று தெரியும். எழுதட்டும். ஆனால் மூன்று 'எஃப்'களையும் ஜூன் 22ஐயும் இந்த முறை விட்டுவிடட்டும். 1974இல் அந்தப் பொதுச்சபையில் அவர்களும் உட்கார்ந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பார்களா, தூக்கியிருக்க மாட்டார்களா? அதை மட்டும் எழுதினால் போதும். நான் தூக்கியிருப்பேன்.